எல்பேக்கு அக்கரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு: ஆம்ட் நொய்ஹவுஸ்

வாசகர் கேள்வி:
ஜெர்மனியின் நீடர்சாக்சன் மாநில வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன். லவன்பூர்க்கிலிருந்து தென்கிழக்கே போனால் எல்பே ஆறுதான் மாநில எல்லை. ஆனால் ஓரிடத்தில் மட்டும் கோடு ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய், பெரிய துண்டு ஒன்றை வளைத்துக்கொண்டு திரும்புகிறது. அந்தப் பக்கமெல்லாம் பழைய கிழக்கு ஜெர்மனி ஆயிற்றே? வரைபடம் போட்டவர் தூங்கிவிட்டாரா?

மார்ச் 3, இரவு

தூங்கவில்லை, சரியாகத்தான் போட்டிருக்கிறார். அந்தத் துண்டின் பெரும்பகுதி ஆம்ட் நொய்ஹவுஸ் என்ற ஒரே ஊராட்சி. பரப்பு சுமார் 237 சதுர கிலோமீட்டர், ஆட்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. சதுர கிலோமீட்டருக்கு 20 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் சராசரி 200-ஐத் தாண்டும்.

1945 வரை ஹனோவர் பக்கம், அதாவது இன்றைய நீடர்சாக்சனின் பெரும்பகுதியாக இருக்கும் பழைய மாகாணம். அப்புறம் போரில் தோற்ற ஜெர்மனியின் சோவியத் ஆக்கிரமிப்பு மண்டலம், பிறகு கிழக்கு ஜெர்மனி. 1990-ல் மெக்லென்பர்க்-ஃபோர்போமெர்ன் மாநிலத்தில் சேர்ந்தது. 1993 ஜூன் 30 முதல் நீடர்சாக்சன். மிச்சம் நாளைக்கு, காலையில் ஷிஃப்ட் இருக்கிறது.

மார்ச் 4

எனக்கு இந்த ஊர்கள் தெரிந்தது வேலையால். முதியோரை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாத்திரை எடுத்துக் கொடுப்பது, இன்சுலின் போடுவது, காலுறை மாட்டிவிடுவது. அந்த இறுக்கமான மருத்துவக் காலுறையை மாட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு காலுக்கு எவ்வளவு வியர்வை என்று. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு காடு, ஒரு புல்வெளி, சில சமயம் ஒரு ஆறு.

ஊராட்சி என்றதும் ஒரு ஊரைக் கற்பனை செய்யாதீர்கள். நொய்ஹவுஸ், டெல்லியன், ஹார், கார்ஸன், ஷ்டாப்பெல், சூக்காவ், சும்டே, ட்ரிப்காவ் என்று எட்டு தனித்தனி ஊராட்சிகளாக இருந்தவை 1993-ல் ஒன்றாயின. ஒவ்வொன்றுக்கும் கீழே பல சிற்றூர்கள். சிலவற்றில் தெருவிளக்கை எண்ணுவது சுலபம். கடை, வங்கி, மருத்துவர் என்று எதைத் தேடினாலும் பெரும்பாலும் நொய்ஹவுஸில்தான் போய் நிற்க வேண்டும்.

மார்ச் 4, பின்னிரவு

கீழே ஒரு அண்ணன் 'ஸ்டாலின் கேட்டு வாங்கிய நிலம்' என்று எழுதியிருக்கிறார். இல்லை அண்ணா. இது பிரிட்டிஷ்காரர்கள் தாங்களாகவே விட்டுக்கொடுத்தது.

1945-ல் முதலில் மேற்கத்தியப் படைகள்தான் இங்கே வந்தன. நிலம் ஹனோவரைச் சேர்ந்தது, ஹனோவர் பிரிட்டிஷ் மண்டலம், ஆகவே காகிதப்படி அவர்களுக்குத்தான். ஆனால் நடுவில் எல்பே. இந்தப் பகுதிக்குப் பாலம் கிடையாது. பக்கத்தில் இருந்த டோமிட்ஸ் பாலமும் ஏப்ரலில் குண்டுவீச்சில் போய்விட்டது. அக்கரைக்கு உணவும் நிலக்கரியும் அதிகாரிகளையும் படகில் ஏற்றிக்கொண்டே இருக்க முடியுமா என்று பார்த்தார்கள். முடியாது என்று முடிவு கட்டி, 1945 ஜூலையில் சோவியத் படையிடம் ஒப்படைத்தார்கள்.

ஒரு பாலம் இல்லாத காரணத்தால் மக்கள் 44 ஆண்டுகள் கிழக்கின் எல்லைக்குள் அடைபட்டு இருந்தார்கள். இதை மனதில் வையுங்கள். பின்னால் பாலத்துக்குத் திரும்பி வருவேன்.

மார்ச் 5

'ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது எப்படி ஹனோவர் ஆயிற்று?' நல்ல கேள்வி.

இது பழைய சாக்ஸே-லவன்பூர்க் டியூக்குகளின் நிலம். கடைசி டியூக் 1689-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். பக்கத்து லூனெபுர்க்-செல்லே அரசு படையோடு வந்து உட்கார்ந்துகொண்டது, அந்த வழியில் ஹனோவர் கைக்குப் போனது. நெப்போலியன் காலம் முடிந்து எல்லாரும் எல்லைகளைப் பேரம் பேசியபோது ஆற்றின் வடகரையிலிருந்த லவன்பூர்க் பகுதியை ஹனோவர் விட்டுக்கொடுத்தது, கடைசியில் அது டென்மார்க் மன்னரிடம் போய்ச் சேர்ந்தது. நொய்ஹவுஸ் துண்டை மட்டும் ஹனோவர் கையில் வைத்துக்கொண்டது. 1866-ல் ஹனோவரையே பிரஷ்யா விழுங்கியது. அப்போதும் இது ஹனோவர் மாகாணத்தோடுதான் இருந்தது.

ஆக, அன்றைக்கு இந்தத் துண்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் இன்றைக்கு இந்த இழையே இருந்திருக்காது.

மார்ச் 7

வேறொன்று. ஆம்ட் நொய்ஹவுஸின் அஞ்சல் குறியீடு 19273. 19 என்று தொடங்குவது ஷ்வெரின் பக்கம், அதாவது மெக்லென்பர்க். ஆற்றின் இக்கரையில் ப்ளெக்கெடெவுக்கு 21354. தொலைபேசி எண்ணும் 038841 என்று தொடங்கும், 03 என்றாலே பழைய கிழக்கு.

தேதியைக் கவனியுங்கள். மாநிலம் மாறியது 1993 ஜூன் 30. ஜெர்மனி முழுக்க ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு நடைமுறைக்கு வந்தது ஜூலை 1. மறுநாள்! குறியீட்டுப் புத்தகமெல்லாம் எப்போதோ அச்சாகி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அரசியல்வாதிகள் ஒப்பந்தம் போட்டார்கள், அஞ்சல்துறை கண்டுகொள்ளவில்லை. வண்டி எண் மட்டும் பழைய மாவட்டமான ஹாகெனோவின் எச்ஜிஎன்-லிருந்து புதிய மாவட்டமான லூனெபுர்க்கின் எல்ஜி-க்கு மாறியது.

இன்றைக்கும் இணையத்தில் முகவரி கொடுத்தால் சில தளங்கள் மாநிலத்தை மெக்லென்பர்க் என்று தானே நிரப்பிவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் இந்தக் காரணத்துக்காகவே திரும்பி வந்தது. அதன் கதையை எழுதினால் ரத்த அழுத்தம் ஏறும்.

மார்ச் 7, சற்றுக் கழித்து

'அப்போ ஊர்க்காரர்களுக்குத் தாங்கள் எந்த மாநிலம் என்று குழப்பம் இருக்குமோ?' அவர்களுக்குக் குழப்பமே இல்லை தம்பி. படிவத்துக்குத்தான்.

மார்ச் 10

இன்று மழை. நேரம் இருக்கிறது, வேலிக் கதையை எழுதுகிறேன்.

கிழக்கு ஜெர்மனி தன் எல்லையை அடுக்கடுக்காகப் பூட்டியது. எல்லையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் வரை தடை மண்டலம். உள்ளே வசிக்க அடையாள அட்டையில் முத்திரை வேண்டும், வெளியாள் வர அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குள் ஆற்றை ஒட்டி 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை. அங்கே இன்னும் கெடுபிடி, இருட்டிய பின் வெளியே நடமாடத் தடை. கோனாவ், பொப்பெலாவ், டார்ஷாவ் எல்லாம் ஆற்றங்கரை ஊர்கள். வாசலில் ஆறு, நடுவில் கம்பிவலை.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டிக்கு 1970-களில் திருமணம். விருந்தாளிகள் பட்டியலை வாரக்கணக்கில் முன்னாலேயே கொடுக்க வேண்டியிருந்ததாம். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு மட்டும் அனுமதி வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. அவர் இருந்தது வேறு நாட்டில் இல்லை, தடை மண்டலத்துக்கு வெளியே பக்கத்து ஊரில். மறுநாள் கேக்கை டின்னில் போட்டு, சைக்கிளில் சோதனைச் சாவடி வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்களாம். இதைச் சொல்லும்போது பாட்டி சிரித்தார். கேக்கின் மேல் கிரீம் உருகிப்போனதுதான் அவருக்கு இன்னும் ஞாபகம்.

சிரிக்க முடியாததும் உண்டு. 1952-லும் 1961-லும் 'நம்ப முடியாதவர்கள்' என்று பட்டியல் போட்டு, எல்லையோரக் குடும்பங்களை லாரியில் ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு முறையும் சேர்த்து, எல்லை நெடுகிலும் பதினோராயிரம் பேருக்கு மேல். பண்ணையையும் மாட்டையும் விட்டுவிட்டு, கிடைத்த சாமானோடு கிளம்ப வேண்டும். சில பண்ணை வீடுகளைப் பிறகு இடித்தும் விட்டார்கள், காவலுக்குப் பார்வை மறைக்கிறது என்று. ஆற்றங்கரை ஊர்களில் செங்கல் வீட்டு வரிசை திடீரென்று நின்று ஒரு புல்வெளி வரும், மறுபடி வீடு தொடங்கும். அந்த இடைவெளிகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான்.

மார்ச் 10, தொடர்ச்சி

கோனாவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். கரையை ஒட்டிப் பண்ணைகள் ஒரே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீளமான வயல். எல்பேச் சதுப்பை வெட்டித் திருத்திய காலத்து ஊர் அமைப்பு. பெரிய மரச்சட்ட வீடுகள், மனிதரும் மாடும் வைக்கோலும் ஒரே கூரையின் கீழ். வேலிக்குள் இருந்ததால் யாரும் புதிதாக எதுவும் கட்டவில்லை, அதனால்தான் பழைய வடிவம் தப்பியது. இதைச் சுற்றுலாக்காரர்கள் 'என்ன அதிர்ஷ்டம்' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை.

ஆற்றங்கரையில் இன்னும் சில காவல் கோபுரங்கள் நிற்கின்றன. எல்லைக் காவல் வண்டிகள் ஓடிய கான்கிரீட் பலகைப் பாதையும் அங்கங்கே இருக்கிறது. பலகை முழுக்க இட்லித் தட்டு மாதிரி வரிசையாக ஓட்டைகள். அதில் சைக்கிள் ஓட்டினால் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தன் பெயரைச் சொல்லும். நான் ஓட்டினேன், அப்புறம் இறங்கித் தள்ளினேன்.

மார்ச் 12

'தனிக் குடியரசு என்று அறிவித்துக்கொண்ட ஊர் இதுதானே?' இல்லை, அது ரூட்டர்பெர்க். டோமிட்ஸ் பக்கம், மெக்லென்பர்க்கிலேயே இருக்கிறது. அந்த ஊரைச் சுற்றிலும், உள்நாட்டுப் பக்கம் உட்பட, வேலி போட்டு ஒரே ஒரு வாயில் வைத்திருந்தார்கள். 1989 நவம்பர் 8-ம் தேதி ஊர்க் கூட்டத்தில் 'நாங்கள் கிராமக் குடியரசு' என்று தீர்மானம் போட்டார்கள். மறுநாள் இரவு பெர்லின் சுவர் திறந்தது. ஒரு நாள் பொறுத்திருந்தால் சும்மா இருந்திருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவசரப்பட்டதுதான் அழகு.

மார்ச் 15

சும்டே பற்றி எழுதச் சொல்லி நாலைந்து பேர். 2015-ல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் வந்து நின்ற ஊர் என்பதால்.

நடந்தது இது. ஊரில் நூறு பேர் சொச்சம். ஓரத்தில் ஒரு கடன் வசூல் நிறுவனம் காலி செய்துவிட்டுப் போன அலுவலக வளாகம், ஊரையே உள்ளே வைக்கலாம் என்கிற அளவு. மாநில அரசு அகதிகளுக்கு இடம் தேடிக்கொண்டிருந்த இலையுதிர்காலம் அது. ஆயிரம் பேரை இங்கே தங்கவைக்கப் போவதாக ஊராட்சிக்குத் தகவல் வந்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் 750 ஆக்கினார்கள். நவம்பரில் முதல் பேருந்துகள் வந்தன.

ஊர்க் கூட்டத்தில் என்ன கேட்டார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். வெளியிலிருந்து வந்தவர்கள் எதிர்பார்த்தது வெறுப்புப் பேச்சை. அதுவும் வந்தது, அதற்கென்றே வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஊர்க்காரர்களின் கேள்விகள்: கழிவுநீர்க் குழாய் தாங்குமா? கடையே இல்லாத ஊரில் அவர்கள் எங்கே போவார்கள்? பேருந்து எத்தனை தடவை வரும்? ரோட்டோரம் விளக்கு இல்லையே, இருட்டில் நடந்தால்? பாதி கேள்வி அவர்கள் தங்களுக்காகவே வருஷக்கணக்கில் கேட்டுப் பதில் வராத கேள்வி. 750 பேர் வருகிறார்கள் என்றதும்தான் அதிகாரிகள் உட்கார்ந்து கேட்டார்கள்.

முகாமில் உள்ளூர் ஆட்கள் பலருக்கு வேலை கிடைத்தது. இந்தப் பகுதியில் அது சின்ன விஷயமில்லை. பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டே, ஆட்கள் வருவது குறைந்ததும், முகாமை மூடிவிட்டார்கள். வந்த பத்திரிகைக்காரர்களில் எத்தனை பேர் மூடியதை எழுதினார்கள் என்று தேடிப் பாருங்கள்.

மார்ச் 16

'அகதிகளை அங்கே வைத்தது சரியா தப்பா, ஒரே வரியில் சொல்லுங்கள்.'

ஒரே வரியில்: இடம் கொடுத்தது சரி, இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது சோம்பேறித்தனம். காலிக் கட்டடம் இருக்கிறது என்பது மட்டுமே காரணம் என்றால், வந்தவருக்கும் இருந்தவருக்கும் அது நல்லதில்லை.

மார்ச் 22

பாலம்.

மேலே டோமிட்ஸில் ஒரு பாலம், 1992 டிசம்பரில் திறந்தது. கீழே லவன்பூர்க்கில் ஒன்று. நடுவில் ஆறு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, ஒரு பாலம்கூட இல்லை. ஃபெர்ரிதான். ப்ளெக்கெடெவில் ஒன்று, டார்ஷாவுக்கும் நொய் டார்ஷாவுக்கும் நடுவில் 'டான்யா' என்று ஒன்று.

டான்யாவில் ஏறுவது சுகம்தான், ஒத்துக்கொள்கிறேன். சரிவில் இறங்கி, இரும்புத் தளத்தில் டயர் தடதடவென்று ஏறும். கை பிரேக் போட்டுக் கண்ணாடியை இறக்கினால் காசு வாங்க ஆள் வருவார். அவர் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் பாதி ஆறு போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஹாம்பர்க்கிலிருந்து வருபவர்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வண்டியிலிருந்து இறங்கவே மாட்டார்கள்.

ஆனால் ஆற்றில் தண்ணீர் அதிகமானால் ஃபெர்ரி நிற்கும். கோடையில் தண்ணீர் குறைந்தாலும் நிற்கும். பனிக்கட்டி மிதந்தால் நிற்கும். இரவில் கிடையவே கிடையாது. மாவட்டத் தலைநகர் லூனெபுர்க், அதாவது நொய்ஹவுஸிலிருந்து பார்த்தால் மாவட்ட அலுவலகம் அக்கரை. பெரிய மருத்துவமனை அக்கரை. மேல்நிலை வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் அக்கரை. ஃபெர்ரி நின்றால் எல்லாரும் பக்கத்து மாநிலத்துக்குள் போய்ப் பாலம் ஏறிச் சுற்றி வர வேண்டும்.

ஒரு முறை தண்ணீர் குறைந்து ஃபெர்ரி நின்ற வாரத்தில் நான் தினமும் அப்படிச் சுற்றினேன். அப்போது வேலை பார்த்த நிறுவனம் சுற்றிய நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்றது. 'வழக்கமான பாதைக்குத்தான் கணக்கு' என்றார் மேலாளர். வழக்கமான பாதை அப்போது மணல் திட்டாகக் கிடந்தது.

ஊராட்சிகள் நீடர்சாக்சனுக்குத் திரும்பிப் போகலாம் என்று தீர்மானம் போட்டபோது, பாலம் சீக்கிரம் வந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் பார்க்கும் முதியவர்களில் பலர் அதைக் கொடுத்த வாக்காகவே பேசுகிறார்கள். 2013 ஜனவரியில், மாநிலத் தேர்தல் நாளன்றே, லூனெபுர்க் மாவட்ட மக்களிடம் கேட்டார்கள்: மாவட்டத்தின் பங்கு 1 கோடி யூரோவைத் தாண்டாது என்றால் பாலம் கட்டலாமா? பெரும்பான்மை 'ஆம்' என்றது. அந்த 'என்றால்' என்பதில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது. செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போக, நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம், வாக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம்.

இதில் இன்னொரு சிக்கல்: பாலத்தின் மேற்குக் கால் இறங்கும் நொய் டார்ஷாவ் வேறு மாவட்டம், லூஷோவ்-டானென்பெர்க். கட்டுவது ஒரு மாவட்டம், லாரி ஓடப்போவது இன்னொரு மாவட்டத்து ஊரின் நடுவில்.

மார்ச் 23

நேற்று எழுதியதை நொய் டார்ஷாவ்க்காரர் யாராவது படித்தால் கோபப்படுவார். அவர்களுக்கும் நியாயம் உண்டு. ஆற்றங்கரையில் அமைதியான ஊர், குறுகலான சாலை, வீட்டு வாசலை ஒட்டி லாரி போகும் என்றால் யார்தான் ஒத்துக்கொள்வார்? சூழலியலாளர்கள் வாதமும் வெறும் சாக்கு இல்லை. இந்தக் கரை முழுக்க உயிர்க்கோளக் காப்பகம். நாரை, கொக்கு, குளிர்காலத்தில் வாத்துக் கூட்டங்கள். வேலியால் யாரும் கால் வைக்காததும் இவை பிழைத்ததற்கு ஒரு காரணம்.

இதையெல்லாம் எடைபோட்டும் என் கருத்து மாறவில்லை. கட்ட வேண்டும். அமைதியை ரசிப்பவர் வார இறுதியில் வருகிறார், பிரசவ வலியோடு இருப்பவள் செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணிக்கு வருகிறாள். லாரிக்கு எடை வரம்பு வைக்கலாம், ஊரைச் சுற்றிச் சாலை போடலாம். பாலம் இல்லை என்று 1945-ல் ஒரு தடவை இவர்களைக் கைகழுவியாயிற்று. அதே காரணத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது அசிங்கம்.

மார்ச் 23, இரவு

'பிரசவ வலி உதாரணம் சினிமாத்தனம்' என்கிறார் ஒரு நண்பர். சரி, மாற்றிக்கொள்ளுங்கள்: டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், வருடம் முழுக்க. இதில் சினிமா எதுவும் இல்லை.

மார்ச் 27

ஆட்கள் குறைந்துகொண்டே வருவதைப் பற்றி ஒருவர் கேட்டார். ஆமாம், குறைகிறது. இளசுகள் லூனெபுர்க், ஹாம்பர்க் என்று போய்விடுகிறார்கள். இருப்பவர்களைச் சேர்த்து வைத்திருப்பது ஊராட்சி மன்றத்தைவிடத் தீயணைப்புத் தொண்டர் படைதான் என்பது என் கணிப்பு. ஊருக்கு ஊர் அதன் சின்னக் கட்டடம் இருக்கிறது. எட்டு பழைய ஊராட்சிகளும் ஒன்றான பிறகும், எந்த ஊரின் தீயணைப்பு வண்டி புதுசு என்பதில் மட்டும் யாரும் ஒன்றாகவில்லை.

ரொட்டிக்கடை வேன் வந்து ஹாரன் அடிக்கும் தெருக்களும் உண்டு. ஒரு தாத்தா வீட்டில் நான் காலுறை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஹாரன் கேட்டால், ஒற்றைக் காலோடு எழுந்துவிடுவார்.

ஏப்ரல் 2

போய்ப் பார்க்க விரும்புவோருக்கு, ஏனென்றால் தனிச்செய்தியில் பலர் கேட்கிறீர்கள்.

ரயில் ஊருக்குள் வராது. ஹாம்பர்க்-பெர்லின் பாதையில் ப்ராஸ்டோர்ஃப் என்று ஒரு சின்ன நிலையம் இருக்கிறது, மெக்லென்பர்க் பக்கம். அங்கே இறங்கினால் நொய்ஹவுஸுக்கு சைக்கிளில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆற்றையே தாண்ட வேண்டாம். காரில் வருபவர்கள் லூனெபுர்க்கிலிருந்து ப்ளெக்கெடெ வந்து ஃபெர்ரி ஏறலாம். கிளம்புமுன் ஃபெர்ரி ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆற்றங்கரைக்கு வந்த பிறகு பலகையைப் பார்த்துத் திட்டுவதில் பயனில்லை.

கோனாவுக்குப் போங்கள். ஷ்டிக்ஸெ பக்கம் ஒரு மணல்மேடு இருக்கிறது, கடலே இல்லாத இடத்தில் கடற்கரை மாதிரி. காற்று குவித்தது, பனியுகத்து மணல். செப்டம்பரில் போனால் ரோட்டோர மரங்களில் பழைய ரக ஆப்பிள்கள் தொங்கும். யாருடைய மரம் என்று கேட்டுவிட்டுப் பறியுங்கள். வீட்டு வாசல்களில் முட்டை, தேன் வைத்து உண்டியல் வைத்திருப்பார்கள். சில்லறை எடுத்துப் போங்கள், அங்கே கார்டு தேய்க்க முடியாது.